காலிப் பெட்டியைத் திருடியவர் யார்?

அத்தியாயம் ஆறு

"சார்ஜன், களவு போன பொருள் எங்கே?" என்று கேட்டாள் ரோகினி.

தங்கராஜு தலையைத் தூக்கவில்லை. "உன் கையிலதான் இருக்கு."

"என் கையில இருக்கிறது பெட்டி. நான் கேட்டது பொருளை."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். ராசா ஊரில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அவருடைய துப்பறியும் அலுவலகம். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஓடும்போது முனகுகிற ஒரு காற்றாடி. ரோகினியின் கையில் தங்க நிறப் பெட்டி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. கம்ப்யூட்டர் கேம் பெட்டி. உள்ளே சிடி இருக்க வேண்டிய இடத்தில் சிடி இல்லை. சிடியைப் பதிக்கும் வட்டமான பள்ளம்கூட இல்லை. நீளமான எண் அச்சடித்த ஒரு சிறிய அட்டை மட்டும் செருகியிருந்தது.

தங்கராஜு பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தலை நரைக்கும்வரை போலீசில் சார்ஜனாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் முதுகு வளையாமல் நடப்பவர். தப்பான ஆளைப் பிடித்தவர் என்ற பேச்சு ஒருநாளும் அவர்மேல் வந்ததில்லை. ஒரு வாரமாக இந்தப் பெட்டி அவருடைய இழுப்பறையில்தான் இருந்தது. அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். லுக்குட் ஊரைத் தாண்டி, ஆறாங்கட்டைத் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர் விசுவலிங்கம். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். மனைவி காலமாகிவிட்டார். மகன் முகுந்தனுக்குச் சிங்கப்பூரில் வேலை. தோட்டத்து ஓரத்தில், பழைய கிராணி பங்களாவைப் போலவே கட்டிக்கொண்ட வீட்டில், அவரும் மகள் மீனலோசனியும்தான். முகுந்தன் சேர்த்து வைத்த கேம் பெட்டிகள் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் அணிவகுத்து நிற்கும். போன வெள்ளிக்கிழமை அதில் ஒன்றைக் காணோம். விசுவலிங்கம் தம் பழைய நண்பர் தங்கராஜுவுக்குப் போன் போட்டார். அதற்கு முந்தின நாள் அந்த வீட்டுக்கு வந்த ஒரே வெளியாள், இன்டர்நெட் பெட்டியைப் பழுது பார்க்க வந்த வசந்தன்.

வசந்தன் யாரோ எவரோ அல்ல. மீனலோசனிக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். ரப்பர் பால்மரம் சீவிய தாய் முத்தாயியின் உழைப்பில் படித்து, லுக்குட்டில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்தவன். கிராணி வீட்டுப் பெண்ணை லயத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன் என்று விசுவலிங்கம் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னபோது தோட்டமே கை தட்டியது. அந்தக் கைதட்டலைப் பற்றி அவரே பல பேரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளில், பின்னால் மாட்டிய பெட்டியில், மழைக்கோட்டுக்கு அடியிலிருந்து, தங்கராஜு தம் கையாலேயே இந்தத் தங்க நிறப் பெட்டியை எடுத்தார். கடை வாசலில், நாலு பேர் பார்க்க.

வசந்தன் அப்போது சொன்னது ஒன்றே ஒன்றுதான். "சார்ஜன், அதைத் திறந்து பாருங்க."

திருடன் நீ, எனக்குப் பாடம் நடத்தாதே என்று தங்கராஜு அவன் வாயை அடைத்தார். அதோடு விட்டாரா? ரிப்பேருக்குக் கம்ப்யூட்டர் கொடுத்தவர்கள் இப்போதே எடுத்துக்கொண்டு போவது நல்லது என்று, கடைவரிசை முழுக்கக் கேட்கும்படி முழங்கினார். அங்கிருந்து அவனைக் கிராணி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கேயும் வசந்தன், திறந்து பாருங்கள் என்றுதான் சொன்னான். விசுவலிங்கம் பெட்டியைத் தொடக்கூட இல்லை. "காலிப் பெட்டியெண்டாலும் அது என்ர வீட்டுப் பெட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என்ன கம்பீரம் என்று தங்கராஜு வியந்தார். நிச்சயம் முறிந்தது. சாட்சிப் பொருள் கெடக்கூடாது என்ற பழைய பழக்கத்தில், பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, டேப் ஒட்டி, இழுப்பறைக்குள் வைத்தார்.

உதவியாளர் ரோகினி அந்த வாரம் முழுக்கப் பகாவ் ஊரில் இருந்தாள். அக்காவுக்குப் பிரசவம். இன்று காலை வந்தவள் முதல் வேலையாக டேப்பைக் கிழித்தாள்.

இன்னொன்றும் இன்று காலை நடந்திருந்தது. கதவு திறந்த கையோடு முத்தாயி வந்திருந்தார். நிச்சயதார்த்தத்தில் கிராணி வீட்டார் கொடுத்த சேலையைத் துணிப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். கிராணி வீட்டில் இதைச் சேர்த்துவிடுங்கள், எனக்கு அந்தப் படியேறக் கால் வரவில்லை என்றார். மகன் ஞாயிற்றுக்கிழமையோடு கடையைச் சாத்துகிறான் என்றார். திருடன் கையில் யார் கம்ப்யூட்டரைக் கொடுப்பார்கள் என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கொண்டார். திட்டவில்லை, சாபம் விடவில்லை. திட்டியிருந்தால் தங்கராஜு தாங்கியிருப்பார்.

"சிடியை எடுத்து வித்திருப்பான்" என்றார் இப்போது. சொல்லும்போதே குரலில் தெம்பில்லை.

"விக்கிறதுக்கு சிடி இருந்திருந்தா" என்றாள் ரோகினி. "வாங்க, கீழே சுகுமாறன் அண்ணன் கடையில கேப்போம். அவரு பழைய கேம் விக்கிறவரு. நான் சொன்னா நம்பமாட்டீங்க. மீசை இருக்கிற ஆள் சொன்னா நம்புவீங்க."

சுகுமாறனின் கடை அதே வரிசையில் கடைசி. சுவரெல்லாம் பழைய கேம் பெட்டிகள். அவர் தங்க நிறப் பெட்டியை வாங்கி, திறக்காமலே கையில் தூக்கி எடை பார்த்துச் சிரித்தார். இதில் சிடியே கிடையாது, தயாரித்த கம்பெனியே போடவில்லை என்றார். அட்டையில் உள்ள நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினால் கேம் இன்டர்நெட் வழியாக இறங்கும். ஒரு தடவை தட்டிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு அந்த அட்டை, பயணம் முடிந்து இறங்கிய பஸ்ஸின் டிக்கெட்.

"அப்புறம் எதுக்குப் பெட்டி?" என்றார் தங்கராஜு.

"மொய் வைக்கிறதுக்குக் கவர் எதுக்கு சார்ஜன்? வெறும் கையை நீட்டினா நல்லா இருக்காதுல" என்றாள் ரோகினி.

சுகுமாறனுக்கு அது போதும். டவுன்லோட் என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கும். அவருடைய பிழைப்பே கை மாறுகிற சிடியில்தான். சிடி என்றால் விளையாடி முடித்ததும் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், தம்பிக்குக் கொடுக்கலாம், தயாரித்த கம்பெனி மூடிப் போனாலும் அலமாரியில் இருக்கும் என்று அடுக்கினார். டவுன்லோடில் காசு கொடுத்தவனுக்குக் கிடைப்பது பொருள் இல்லை, விளையாட ஒரு அனுமதி மட்டும்தான் என்றார். கம்பெனிக்காரன் கதவைப் பூட்டினால் வாசலில் நின்று அழ வேண்டியதுதான்.

ரோகினி விடவில்லை. உங்கள் கடைச் சிடியில் பாதிக்குக் கீறல், மீதிக்குப் பூஞ்சணம் என்றாள். நம் ஊர் ஈரத்தில் ஊறுகாயே ஒரு வாரம் தாங்காது, சிடி எப்படித் தாங்கும்? டவுன்லோட் என்றால் வீட்டிலிருந்தே வாங்கலாம். பெருநாள் தள்ளுபடியில் பாதி விலைக்கு வரும். கம்ப்யூட்டர் கெட்டுப் போனாலும் பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்தால் மறுபடி இறங்கும்.

"பாஸ்வேர்ட் மறந்தா?" என்றார் சுகுமாறன்.

ரோகினி சுவரிலிருந்த ஒரு பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். "அது ஒரு சோகக் கதை அண்ணே. கேட்காதீங்க."

"இன்டர்நெட் லைன் எப்படி?"

"பகாவ்ல அக்காவுக்கு வலி எடுத்தப்ப ஒரு கேமை இறக்க ஆரம்பிச்சேன். பிள்ளை பிறந்து, வீட்டுக்கு வந்து, பேரும் வச்சாச்சு. கேம் இன்னும் பாதியிலதான் நிக்குது."

சுகுமாறன் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு ஞாபகம் வந்தது. இது தாம் விற்ற பெட்டிதான். வாங்கியவன் கிராணி மகன் முகுந்தன். அவன் எப்போதோ டவுன்லோடுக்கு மாறிவிட்டான். ஆனால் அப்பா விடவில்லையாம். கையில் பிடிக்க முடியாததற்கு யாராவது விலை கொடுப்பானா, காற்றையா வாங்குகிறாய் என்று ஒரே சண்டையாம். அதனால் சிங்கப்பூர் போகிற முன்னால் இங்கே வந்து, அப்பா கண்ணுக்குக் காட்ட ஒரு பெட்டி வேண்டும், பளபளவென்று இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனான். நம்பரை இதே கடையில் நின்றே தட்டி முடித்துவிட்டான்.

"அப்போ இந்தப் பெட்டிக்கு இப்ப என்ன மதிப்பு?" என்றார் தங்கராஜு.

"பல்குச்சி போட்டு வைக்கலாம் சார்ஜன்."

இருவரும் படியேறி அலுவலகத்துக்கு வந்தார்கள். ரோகினி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டே, இனிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "அந்த அலமாரி நிறைய நல்ல சிடி இருக்கு. கேம் தெரிஞ்ச திருடன் அதுல ஒண்ணை எடுப்பான். இந்தக் காலிப் பெட்டியைத் தொடவே மாட்டான். வசந்தன் கம்ப்யூட்டர்காரன். வெளி அட்டையைப் பார்த்ததுமே உள்ளே சிடி இல்லைன்னு அவனுக்குத் தெரியும். அதனாலதான் திறந்து பாருங்கன்னு கெஞ்சியிருக்கான்."

"அப்போ எடுத்தது கேம் தெரியாத ஆள்" என்றார் தங்கராஜு மெதுவாக. "உள்ளே விலை உள்ள பொருள் இருக்குன்னு நம்பின ஆள்."

"எடுத்துத் தனக்கு வச்சுக்கலை. வசந்தன் மோட்டார்ல வச்சிருக்காங்க."

திறந்து பாருங்கள் என்று அந்தப் பையன் இரண்டு தடவை சொன்னான். இரண்டு தடவையும் சொன்னது தங்கராஜுவின் முகத்தைப் பார்த்து.

தங்க நிறப் பெட்டியைக் கையில் எடுத்து, முத்தாயி விட்டுப்போன துணிப்பையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தோட்டத்துக்கு விடு" என்றார்.

கார் லுக்குட் பாதையில் போனது. சாலையின் இரு பக்கமும் எண்ணெய்ச் செம்பனை மரங்கள். பாதி வழியில் தங்கராஜு சட்டென்று கையைத் தூக்கினார். நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து ரோகினி வேகத்தைக் குறைத்தாள்.

"காலிப் பெட்டியெண்டாலும்னு சொன்னார்" என்றார் அவர்.

"யாரு?"

"கிராணி ஐயா. நான் திறக்கலை. வசந்தன் திறக்கலை. யாருமே திறக்கலை. அது காலின்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அதற்குப் பிறகு அவர் மனம் தறிகெட்டு ஓடியது. கோயிலில் கைதட்டலுக்காக வாக்குக் கொடுத்த மனிதர். வீட்டுக்கு வந்து யோசித்திருப்பார். லயத்து மாப்பிள்ளை என்று யாழ்ப்பாணத்துச் சொந்தம் முணுமுணுத்திருக்கும். வாக்கை முறித்தால் மானம் போகும், மாப்பிள்ளை திருடன் என்று ஆகிவிட்டால் மானம் நிற்கும். அதற்குப் போலீஸ் நண்பன் ஒருவன் வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நம்புகிற நண்பன். இப்படி நினைக்க நினைக்க, குற்ற உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறியது. கோபம் சுமப்பதற்கு எளிதாக இருந்தது. அதை ரோகினியிடமும் கொட்டினார்.

"ரொம்ப சுலபமா இருக்கே சார்ஜன்" என்றாள் ரோகினி. "போன வாரமும் ரொம்ப சுலபமாத்தான் இருந்திச்சு."

கார் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றது.

அன்றும் வெள்ளிக்கிழமை. கூடத்தில் விசுவலிங்கம் குளித்து, திருநீறு பூசி, தரையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கேம் பெட்டிகள். அவர்களைப் பார்த்ததும் தலையசைத்து உட்காரச் சொன்னார். பழுது பார்த்த இன்டர்நெட் பெட்டி மூலையில் பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது.

தங்கராஜு உட்காரவில்லை. "கிராணி ஐயா, ஒரு கேள்வி. அன்னைக்குக் காலிப் பெட்டியெண்டாலும்னு சொன்னீங்க. அது காலின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விசுவலிங்கம் கையிலிருந்த பெட்டியைத் திறந்தார். சிடியை விளிம்பில் பிடித்து எடுத்தார். சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று துடைத்தார். பதித்து மூடினார். அடுத்ததை எடுத்தார்.

"வெள்ளிக்கிழமையில இதுதான் என்ர வேலை" என்றார். "பூஞ்சணம் பிடிக்குது. மகன்ர சாமான். அவன் அந்தப் பெட்டியைக் கொண்டந்து வச்சுட்டுப் போன முதல் வெள்ளியே திறந்தனான். துடைக்க ஒண்டும் இல்லை. பெத்த தகப்பனுக்கு வெறும் பெட்டியைக் காட்டிப்போட்டுப் போயிட்டான். அதை நான் ஆரிட்டச் சொல்லுறது? அவனிட்டயும் கேக்கேல்லை."

நீங்கள்தான் வைத்தீர்கள் என்ற வார்த்தை தங்கராஜுவின் நாக்கு நுனியில் இருந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தை. அந்தத் துணி சிடியின் மேல் ஊர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றவர், அதை மென்று விழுங்கினார்.

ஏனென்றால் கணக்கு அப்படியே தலைகீழாகத் திரும்பிவிட்டது. இந்த அலமாரியின் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால், அது இந்த மனிதருக்கு. திருட்டுப் பழி சுமத்த நினைத்திருந்தால், சிடி உள்ள ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருப்பார். திறந்தால் சாயம் வெளுத்துப் போகிற அந்த ஒரே பெட்டியை எடுத்திருக்கமாட்டார். எந்தக் காரணத்தால் வசந்தன் குற்றவாளி இல்லையோ, அதே காரணத்தால் இவரும் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டாவது தடவையாக ஒரு நிரபராதியைக் கை காட்ட இருந்தோமே என்று தங்கராஜு ஓர் அடி பின்வாங்கினார்.

"நீங்க இல்லை" என்றார்.

"நான் எண்டு நினைச்சோ வந்தீர்?"

"ஆமாம். மன்னிக்கணும்."

விசுவலிங்கம் கோபப்படவில்லை. அதுதான் விசித்திரம். அவர் இன்னொரு பெட்டியை எடுத்தார். ஆனால் திறக்கவில்லை.

ரோகினி சுவரோரமாக நின்றபடி சொன்னாள். "ஐயா, அந்தப் பெட்டி மோட்டார்ல இருந்து வந்ததைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கேம் தெரிஞ்சவன் அதை எடுக்கமாட்டான். துடைக்கிறவரும் எடுக்கமாட்டார். இந்த வீட்டுல மிச்சம் எத்தனை பேர்?"

"விடு பிள்ளை."

"ஐயா..."

"விடச் சொன்னனான்."

"அவ சொல்றது சரிதான், அப்பா" என்று சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது. மீனலோசனி தேநீர்த் தட்டோடு நின்றாள். தட்டை வைக்க இடம் தேடினாள். தரை முழுக்கப் பெட்டிகள். தட்டைப் பிடித்தபடியே தங்கராஜுவைப் பார்த்துச் சொன்னாள். "நான்தான் வச்சேன், அங்கிள்."

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். வசந்தன் அன்று அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தபோது, இருப்பதிலேயே பளபளப்பான பெட்டியை எடுத்தாள். அதுதான் விலை கூடியது என்று நினைத்தாளாம். மோட்டார்ப் பெட்டியின் பூட்டு உடைந்து, ரப்பர் பட்டை போட்டுக் கட்டியிருந்ததால் வேலை சுலபமாயிற்று. வசந்தன் நல்லவர்தான், ஆனால் தனக்கு அவர் வேண்டாம் என்றாள். அப்பா காதோடு காதாக நிச்சயத்தை முறித்துவிடுவார், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று நம்பியிருக்கிறாள். போலீஸ் அங்கிள் வருவார், கடை வாசலில் நின்று முழங்குவார், லுக்குட் முழுக்க ஒருவனுடைய பெயர் நாறும் என்று அவள் நினைக்கவில்லை. அதற்குப் பிறகு வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை.

"வேண்டாம் எண்டு என்னட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார் விசுவலிங்கம்.

"எப்பப்பா? கோயில்ல எல்லாரும் கை தட்டின பிறகா? வேண்டாம்னு சொல்லியிருந்தா, கிராணி வீட்டுத் திமிர், லயத்துப் பையன் ஆகாதுன்னு பேசியிருப்பாங்க. உங்களையும் சேர்த்துத்தான். நீங்க அங்க சொல்றதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

ரோகினி போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

பிறகு விசுவலிங்கம் எழுந்து, தங்கராஜுவைச் சன்னல் பக்கம் அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெட்டி அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்றார். அந்தப் பையனின் பெயரும் சுத்தமாகும், பெண் பிள்ளையின் பெயரும் கெடாது. நீரும் ஒரு குடும்பத் தலைவர், உமக்குத் தெரியாதா என்றார்.

தங்கராஜுவுக்குத் தெரியும். குடும்ப மானத்தை நெஞ்சில் சுமந்து வாழ்ந்தவர்தான் அவரும். அதோடு, அந்தக் கதையில் தம்முடைய மானமும் தப்புகிறது என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. யாரோ தவறுதலாக வைத்துவிட்டார்கள், சார்ஜன் என்ன செய்வார் என்று ஊர் போய்விடும். அந்தக் குரல் தம் குரலாகவே கேட்டதுதான் அவரைக் கூசச் செய்தது.

"அலமாரிக்குப் பின்னால விழுந்த பெட்டி," என்றாள் ரோகினி, தேநீர்த் தட்டோடு நின்றபடி, "மழைக்கோட்டுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு லுக்குட் வரைக்கும் போச்சாக்கும். சொல்லிப் பாருங்க சார்ஜன். மீசை இருக்கிற ஆள் சொன்னா நம்புவாங்க."

தங்கராஜு கக்கத்திலிருந்த துணிப்பையை எடுத்து விசுவலிங்கத்திடம் நீட்டினார். "முத்தாயி குடுத்து விட்டது. இந்தப் படி ஏறக் கால் வரலையாம்."

விசுவலிங்கம் பையின் வாயைப் பிரித்தார். சேலையின் கரை தெரிந்தது. அவர் அதைத் தொடவில்லை. தாம் எழுந்து நின்று வாக்குக் கொடுத்த நாளில் தாமே கடைக்குப் போய் வாங்கிய சேலை. பிறகு உள்ளே போனார். வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, பித்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்புகிற மாதிரி வந்தார்.

"வாக்குக் குடுத்தது நான்" என்றார். "இந்தப் பிள்ளையிட்டக் கேக்காமக் குடுத்தனான். களவு இல்லையெண்டு தெரிஞ்ச பிறகும் வாய் மூடி இருந்தனான். வா, மீனா. நீயும் வா."

லுக்குட்டில் வசந்தனின் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவன் கம்பிகளைச் சுருட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். மேசைகள் வெறிச்சென்று கிடந்தன. எதிரே காப்பிக் கடையில், அன்றைக்குப் பார்த்த அதே முகங்கள். டயர்க் கடைக்காரர், மீன் விற்கிறவர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். கிராணியின் வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் பேச்சு அடங்கிவிட்டது.

விசுவலிங்கம் முன்னால் போக ஓர் அடி எடுத்து வைத்தார். தங்கராஜு கையை நீட்டித் தடுத்தார். முதலில் பேச வேண்டியவர் யார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

அவர் குனிந்து, பாதி இறங்கிய கதவுக்குக் கீழே நுழைந்தார். அந்த முதுகு இப்படி வளைந்து ரோகினி பார்த்ததில்லை. தங்க நிறப் பெட்டியை மேசைமேல் வைத்தார். மூடி திறந்தே இருந்தது.

"திறந்து பார்த்துட்டேன்ப்பா" என்றார்.

வசந்தன் பெட்டியைப் பார்த்தான். வெளியே நின்ற மீனலோசனியைப் பார்த்தான். அவள் தலை நிமிரவில்லை. அவனுக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். முகத்தில் என்னவோ ஒன்று வந்தது, போய்விட்டது. அவன் கம்பியைக் கீழே வைத்தான். கதவருகே போய், அதைப் பிடித்து முழுக்க மேலே தூக்கினான். இரும்பு கடகடத்த சத்தத்தில் காப்பிக் கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சார்ஜன்," என்றான், "அன்னைக்கு நீங்க இவ்வளவு மெதுவா பேசலையே."

தங்கராஜு வெளியே வந்து நின்றார். பக்கத்தில் விசுவலிங்கம் வந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் மீனலோசனி. தங்கராஜு முதுகை நிமிர்த்திக்கொண்டு, அணிவகுப்பில் பெயர் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலை எடுத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றார். கடைவரிசையின் அந்தக் கடைசிவரை அது கேட்டது.